பெரிய திரையில் மங்கல் எழுத்து, எறும்பளவு ஐகான்: ஸ்கேலிங் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

27 அங்குலமோ 43 அங்குலமோ, 4கே திரை ஒன்றை மாட்டிய அன்றே வரும் புகார்கள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். எழுத்து மங்கல், டூல்பார் ஐகான் எறும்பளவு, டயலாக் பெட்டியில் "ஓகே" பட்டனையே காணோம், பக்கத்துத் திரைக்கு இழுத்த விண்டோ பூதாகரமாகிறது. உடனே எல்லோரும் கை வைப்பது, எழுத்தும் பட்டனும் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஸ்கேல் சதவீதத்தில். 150-ஐ 125 ஆக்கிப் பார்த்தால் ஒரு செயலி சரியாகும், வேறு இரண்டு கெடும். சதவீதத்தைத் தொடுவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டியது, படத்தை இழுத்துப் பெரிதாக்குவது யார் என்பதை. செயலி தானே பெரிதாக வரைகிறதா? செயலி சின்னதாக வரைந்ததை விண்டோஸ் இழுக்கிறதா? இல்லை, இரண்டும் சரியாகக் கொடுத்த படத்தை மானிட்டரோ கேபிளோ கெடுக்கிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கீழே பெரும்பகுதி விண்டோஸ் 10, 11 பற்றியது. மேக்கும் லினக்ஸும் கடைசியில் வருகின்றன.

## முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட்

மங்கலாகத் தெரியும் விண்டோ திறந்திருக்கும்போதே முழுத்திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், அதன் சுருக்கமே எழுத்தோரத்தில் அழுக்கைச் சேர்த்து ஆளை ஏமாற்றும்.

கோப்பின் அளவைப் பாருங்கள். 4கே திரை என்றால் 3840 × 2160 இருக்க வேண்டும். 1920 × 1080 அல்லது 2560 × 1440 என்று வந்தால் யாரோ ரெசல்யூஷனையே, அதாவது திரைக்குப் போகும் பிக்சல் எண்ணிக்கையையே, குறைத்து வைத்திருக்கிறார்கள். எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று ரெசல்யூஷனைக் குறைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறு. எழுத்து பெரிதாகும், ஆனால் திரை முழுக்க மங்கும். ரெசல்யூஷனைத் திரையின் இயல்பான எண்ணுக்கே திருப்பிவிட்டு, அளவை ஸ்கேல் மூலம் மட்டும் மாற்றுங்கள். டிவியை இணைத்திருந்தால் பட்டியலில் 4096 × 2160 என்றும் ஒன்று தென்படலாம். அது சினிமா அளவு. உங்கள் பேனல் 3840 என்றால் 3840-ஐயே தேர்ந்தெடுங்கள்.

அளவு சரி என்றால் படத்தைப் பெயின்ட்டில் திறந்து 800% வரை பெரிதாக்குங்கள். "ட" என்ற எழுத்து ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். நேரான நெடுங்கோடும் நேரான கிடைக்கோடும் அதில் இருப்பதால் பார்ப்பது சுலபம். ஒழுங்காக வரையப்பட்ட "ட"வின் கிடைக்கோட்டுக்கு மேலும் கீழும் அதிகம் போனால் ஒரு வரிசை சாம்பல் பிக்சல் இருக்கும். இழுத்துப் பெரிதாக்கியதில் இரண்டு மூன்று வரிசை, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்லக் கரைந்து போகும். சந்தேகம் இருந்தால் அதே படத்தில் செட்டிங்ஸ் விண்டோவின் எழுத்தோடு ஒப்பிடுங்கள். அது எப்போதும் கூர்மையாகவே வரையப்படும். தமிழ் எழுத்தில் முதலில் பலியாவது புள்ளி. இழுபட்ட செயலியில் "க்" எழுத்தின் புள்ளி மேல் கோட்டோடு ஒட்டி, ஒற்று எது உயிர்மெய் எது என்று ஊகித்துப் படிக்க வேண்டியிருக்கும்.

படத்தில் எல்லாம் கூர்மை, திரையில் மட்டும் மங்கல் என்றால் அடுத்த பகுதி உங்களுக்கு. படத்திலேயே மங்கல் என்றால் அதைத் தாண்டிப் போங்கள். கேபிள் மாற்றுவது வீண் செலவு.

## அறிகுறி: டெஸ்க்டாப் உட்பட எல்லாமே மங்கல், அல்லது ஓரம் வெட்டுப்படுகிறது

செட்டிங்ஸ் → சிஸ்டம் → டிஸ்ப்ளே → அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போங்கள். விண்டோஸ் 11-இல் "டெஸ்க்டாப் மோட்", "ஆக்டிவ் சிக்னல் மோட்" என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். மேலே 2560 × 1440, கீழே 3840 × 2160 என்று இருந்தால் கிராபிக்ஸ் கார்டு நடுவில் இழுக்கிறது. அதே பக்கத்தில் பிட் டெப்த், கலர் ஃபார்மட், ரிஃப்ரெஷ் ரேட் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கலர் ஃபார்மட் ஆர்ஜிபி அல்லது 4:4:4 என்றால் நல்லது, ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறத் தகவல் போகிறது. 4:2:0 என்றால் இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்சல்கள் ஒரே நிறத் தகவலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சினிமா பார்க்க இது போதும். எழுத்துக்கு, அதிலும் நிறமுள்ள எழுத்துக்கு, இது நஞ்சு. சோதிக்க, நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தைச் சின்ன அளவில் தட்டச்சு செய்யுங்கள். வெள்ளையில் கறுப்பு சுமாராகத் தெரிந்து, நீலத்தில் சிவப்பு மட்டும் கரைந்து வழிந்தால் கோளாறு இதுதான்.

ஏன் 4:2:0-க்கு இறங்குகிறது? கேபிள் வழியில் இடம் போதவில்லை. எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே படம் 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 முறை) வரைதான். எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 கிகாபிட். இதில் 60 ஹெர்ட்ஸ், 8 பிட், 4:4:4 சரியாக அடங்கும். அதே இணைப்பில் எச்டிஆரை (ஒளி, நிற வீச்சைக் கூட்டிக் காட்டும் வசதி) இயக்கி 10 பிட் ஆக்கினால் அடங்காது. நிறத்தில் கை வைத்துவிடும். எச்டிஆர் போட்ட நாளிலிருந்து எழுத்து சரியில்லை என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுவே. எழுத்து வேலைக்கு எச்டிஆரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறுங்கள், 1.2 பதிப்பிலேயே 4கே 60 ஹெர்ட்ஸ் முழு நிறத்தோடு போகும். யுஎஸ்பி-சி டாக் வழியாக இணைத்து 30 ஹெர்ட்ஸில் மாட்டிக்கொண்டிருந்தால், டாக் தன் பாதையில் பாதியை யுஎஸ்பிக்கு ஒதுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். மானிட்டரை நேரடியாக லேப்டாப்பில் செருகிப் பாருங்கள்.

டிவி என்றால் இன்னும் மூன்று வேலை. அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை அல்லது ஐகானை "பிசி" என்று மாற்றுங்கள். பல டிவிகள் அப்போதுதான் 4:4:4-ஐ முழுதாக ஏற்கும். அந்த உள்ளீட்டுக்கு அல்ட்ரா எச்டி நிறம் அல்லது மேம்பட்ட சிக்னல் என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருந்தால் போடுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள், எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிவது அதனால்தான்.

டாஸ்க்பாரின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போயிருந்தால் அது ஓவர்ஸ்கேன். டிவி படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது. டிவி மெனுவில் படத்தின் அளவைப் பிக்சலுக்குப் பிக்சல் காட்டும் நிலைக்கு மாற்றுங்கள். "ஜஸ்ட் ஸ்கேன்", "ஃபிட் டு ஸ்கிரீன்", "ஃபுல் பிக்சல்" என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். கிராபிக்ஸ் கார்டு மென்பொருளில் உள்ள ஸ்லைடரால் டெஸ்க்டாப்பைச் சுருக்கி இதைச் சரிசெய்ய வேண்டாம். ஓரம் தெரியும், ஆனால் கார்டு ஒருமுறை சுருக்கி டிவி ஒருமுறை விரித்து எழுத்து இரட்டை மங்கலாகும். ஏற்கனவே யாராவது அப்படிச் செய்திருந்தால் ஸ்லைடரை 0-க்குத் திருப்புங்கள்.

மங்கல் இல்லை, ஆனால் எழுத்தோரத்தில் சிவப்பு, பச்சை நிழல் மட்டும் துருத்துகிறது என்றால், எழுத்தோரத்தை மென்மையாக்கும் விண்டோஸ் வசதியான கிளியர்டைப்பைச் சீரமையுங்கள். ஸ்டார்ட் மெனுவில் "கிளியர்டைப்" என்று தேடினால் வரும். சில பெரிய பேனல்களில் ஒவ்வொரு பிக்சலின் உள்நிறங்களும் சிவப்பு-பச்சை-நீலம் என்ற வழக்கமான வரிசைக்குத் தலைகீழாக இருக்கும். அந்தச் சோதனையில் கண்ணுக்குப் பிடித்த மாதிரியைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

## அறிகுறி: ஒரே ஒரு செயலி மட்டும் மங்கல், அளவு சரியாக இருக்கிறது

இது விண்டோஸ் இழுப்பது. விண்டோஸில் 100% என்றால் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கு. அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற இந்த எண்தான் டிபிஐ. 150% என்றால் 144, 200% என்றால் 192. "எனக்கு டிபிஐ தெரியும்" என்று சொல்லாத செயலியிடம் விண்டோஸ் 96 என்றே பொய் சொல்லி, அது வரைந்த படத்தை ஃபோட்டோவைப் போல இழுத்துக் காட்டும்.

செயலி எந்த ரகம் என்று பார்க்கலாம். டாஸ்க் மேனேஜர் → டீடெய்ல்ஸ் தாவல். பத்தித் தலைப்பில் ரைட் கிளிக் → செலக்ட் காலம்ஸ் → "டிபிஐ அவேர்னஸ்" டிக் செய்யுங்கள். "அன்அவேர்" என்றால் டிபிஐ பற்றி ஒன்றும் தெரியாத செயலி. "சிஸ்டம்" என்றால் நீங்கள் உள்நுழைந்தபோது முதன்மைத் திரையில் இருந்த அளவு மட்டும் தெரியும். "பெர்-மானிட்டர்" என்றால் ஒவ்வொரு திரைக்கும் தனியாக வரையத் தெரியும். இந்த மூன்றாவது ரகம் விண்டோஸ் 8.1-இல் வந்தது, அதன் மேம்பட்ட இரண்டாம் பதிப்பு 2017-இல், விண்டோஸ் 10-இன் 1703 வெளியீட்டில். அதற்கு முன் எழுதப்பட்டு அப்படியே விடப்பட்ட செயலிகளில்தான் பாதிச் சிக்கல்.

சரிசெய்யும் வழி:

1. செயலியின் இஎக்ஸ்இ கோப்பைக் கண்டுபிடியுங்கள். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டை நம்ப வேண்டாம். பல ஷார்ட்கட்டுகள் சின்ன லாஞ்சரை இயக்க, அது வேறொரு இஎக்ஸ்இயைத் திறக்கும். டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸில் ஓடிக்கொண்டிருப்பதன் மேல் ரைட் கிளிக் → ஓபன் ஃபைல் லொகேஷன். அங்கே தெரிவதே உண்மையான கோப்பு.
2. அதன் மேல் ரைட் கிளிக் → ப்ராப்பர்ட்டீஸ் → கம்பேட்டிபிலிட்டி → "சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்".
3. கீழே "ஓவர்ரைடு ஹை டிபிஐ ஸ்கேலிங் பிஹேவியர்" டிக் செய்து, முதலில் "சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)" தேர்ந்தெடுங்கள்.
4. செயலியை முழுதாக மூடுங்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐகானாக ஒளிந்திருந்தால் அதையும் மூடித் திறங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்பவர்கள் நிறைய.

"என்ஹான்ஸ்டு" நிலையில், விண்டோஸின் பழைய ஜிடிஐ முறையில் எழுத்து வரையும் செயலிகளில் எழுத்தை விண்டோஸே பெரிய அளவில் திரும்ப வரையும். எழுத்து கூர்மையாகும், ஐகான்கள் பிட்மேப் என்பதால் அப்படியே மங்கலாக நிற்கும். பழைய கணக்கு மென்பொருள், லேப் கருவிகளின் கட்டுப்பாட்டு மென்பொருள், டிரைவரோடு வரும் சின்னச் சின்ன யுட்டிலிட்டிகள் எல்லாம் இதில் நன்றாகவே தேறும். கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வரையும் டைரக்ட்எக்ஸ் முறைச் செயலிகளில் பலன் இருக்காது.

பலன் இல்லையென்றால் அதே இடத்தில் "அப்ளிகேஷன்" தேர்ந்தெடுங்கள். இப்போது விண்டோஸ் இழுப்பதை நிறுத்திவிடும். செயலிக்குத் தானே பெரிதாகத் தெரிந்தால் பிரச்சினை முடிந்தது. தெரியாவிட்டால் கூர்மையாக, ஆனால் குட்டியாக வரும். 125% வரை அந்தக் குட்டி எழுத்தைச் சமாளிக்கலாம்; அதற்கு மேல் கண் வலிக்கும்.

இந்த அமைப்பு கோப்பின் முழுப் பாதையோடு சேமிக்கப்படுகிறது. தானாகப் புதுப்பித்துக்கொண்டு, ஒவ்வொரு பதிப்புக்கும் புதிய கோப்புறை உருவாக்கும் செயலியில் அடுத்த அப்டேட்டுக்குப் பின் மங்கல் திரும்பி வரும். செயலி கெட்டுவிட்டது என்று நினைக்காமல் புதிய இஎக்ஸ்இக்கு மறுபடி போட்டுவிடுங்கள்.

## அறிகுறி: கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் பட்டனும் ஐகானும் எறும்பளவு

மேலே சொன்னதற்கு நேர் எதிர். "எனக்கு டிபிஐ தெரியும்" என்று அறிவித்துவிட்டு, 16 × 16 பிக்சல் ஐகானை அப்படியே வைத்து வரையும் செயலி இது. அங்குலத்துக்கு 163 பிக்சல் அடர்த்தி கொண்ட 27 அங்குல 4கே திரையில் அந்த ஐகான் இரண்டரை மில்லிமீட்டர்தான் வரும்.

கம்பேட்டிபிலிட்டிக்குப் போகும் முன் செயலிக்குள்ளேயே தேடுங்கள். ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ் → இன்டர்ஃபேஸ் → யுஐ ஸ்கேலிங்; மாற்றியபின் மூடித் திறக்க வேண்டும். கிம்ப் 2.10-இல் பிரிஃபரன்சஸ் → இன்டர்ஃபேஸ் → ஐகான் தீம் பகுதியில் ஐகான் அளவை நீங்களே நிர்ணயிக்கலாம். எலக்ட்ரானில் (பிரவுசர் நுட்பத்தில் டெஸ்க்டாப் செயலி கட்டும் கருவி) கட்டிய எடிட்டர், அரட்டைச் செயலிகளில் கன்ட்ரோல் விசையோடு கூட்டல், கழித்தல் குறிகள் பெரும்பாலும் வேலை செய்யும்.

உள்ளே எதுவும் இல்லையென்றால் ஹை டிபிஐ ஓவர்ரைடில் "சிஸ்டம்". எழுத்து கொஞ்சம் மங்கும், அளவு சரியாகும். மங்கலான பெரிய பட்டனா, கூர்மையான குட்டிப் பட்டனா என்ற கேள்வியில் நாள் முழுக்க வேலை பார்ப்பவருக்கு முதலாவதே மேல்.

ஜாவா செயலிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாவா 8-இல் ஓடும் ஸ்விங் (ஜாவாவின் பட்டன், மெனு வரையும் தொகுப்பு) செயலிகள் 4கே திரையில் குட்டியாகத்தான் வரும். தானே அளவு மாற்றும் வசதி 2017-இல் ஜாவா 9-இல்தான் சேர்ந்தது. செயலி புதிய ஜாவாவில் ஓடுமானால் அதுவே நல்ல தீர்வு. ஓடாது என்றால், உண்மையில் ஓடுவது ஜாவாவின் "ஜாவாடபிள்யூ" இஎக்ஸ்இ என்பதால் "சிஸ்டம்" ஓவர்ரைடை அதற்குப் போடுங்கள். அந்த ஜாவாவில் ஓடும் மற்ற செயலிகளும் சேர்ந்து மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

## அறிகுறி: எழுத்து பெரிதாகிறது, பெட்டி பெரிதாகவில்லை

டயலாக்கின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு "ஓகே", "கேன்சல்" காணாமல் போவது, லேபிளின் பாதி எழுத்து மறைவது எல்லாம் ஒரே குடும்பம். பெட்டியின் உயரம் பிக்சலில் ஆணியடித்த மாதிரி நிற்க, எழுத்து மட்டும் வளர்கிறது. ஆங்கில லேபிள் தப்பித்தாலும் தமிழ் லேபிள் தப்பாது. மேலே "கி"யின் கொக்கி, கீழே "கு", "ழு" எழுத்துகளின் சுழி என்று தமிழ் எழுத்து மேலும் கீழும் அதிக இடம் கேட்கும். "கி"யின் கொக்கி வெட்டுப்பட்டால் "க" என்றே படிக்க நேரும்.

முதலில் செட்டிங்ஸ் → ஆக்சஸிபிலிட்டி → டெக்ஸ்ட் சைஸ் பாருங்கள். இது எழுத்தை மட்டும் 225% வரை பெரிதாக்கும். சுற்றியுள்ள பெட்டியைத் தொடாது. 100%-க்குத் திருப்பிவிட்டு, தேவையான அளவை ஸ்கேல் மூலம் கொடுங்கள். அதிலும் போகவில்லை என்றால் அந்தச் செயலிக்கு "சிஸ்டம்" ஓவர்ரைடு. அப்போது எழுத்து, பெட்டி இரண்டும் 96 கணக்கில் வரையப்பட்டு ஒன்றாக இழுபடுவதால் விகிதம் குலையாது.

அவசரத்துக்கு: மறைந்திருக்கும் பட்டனுக்கு டேப் விசையால் போய் என்டர் அடிக்கலாம். விண்டோவே திரைக்கு வெளியே போய்விட்டால் ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, எம் அடித்து, அம்புக்குறி விசையால் உள்ளே இழுங்கள்.

## அறிகுறி: இரண்டு திரை, அல்லது தூக்கத்திலிருந்து எழுந்தபின் கோளாறு

லேப்டாப் திரை 200%, வெளித்திரை 125%. விண்டோவை இழுத்துக்கொண்டு போனால் நடுவில் ஒரு நொடி பூதாகரமாகி, பிறகு சரியான அளவுக்கு வந்தால் அது கோளாறு அல்ல. பெர்-மானிட்டர் செயலி அளவு மாறும் தருணம் அது. போய்ச் சேர்ந்தபின்னும் மங்கலாகவே இருந்தால் அது "சிஸ்டம்" ரகம். உள்நுழைந்தபோது எந்தத் திரை முதன்மையோ அந்த அளவில் மட்டுமே வரையும்.

எளிய வழி: அதிக நேரம் பார்க்கும் பெரிய திரையை முதன்மையாக்கிவிட்டு, சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். பூட்டித் திறப்பது போதாது. அடிக்கடி திரை மாறுபவர்கள் ஒவ்வொரு முறையும் சைன் அவுட் செய்ய முடியாது. அவர்களுக்கு அதே ஹை டிபிஐ பெட்டியின் மேல்பகுதியில் "ப்ரோக்ராம் டிபிஐ" இருக்கிறது. அதை டிக் செய்து "ஐ ஓபன் திஸ் ப்ரோக்ராம்" தேர்ந்தெடுத்தால், செயலியைத் திறக்கும் நேரத்தில் முதன்மைத் திரைக்கு உள்ள அளவை எடுத்துக்கொள்ளும்.

தூங்கி எழுந்ததும் எல்லா விண்டோவும் சுருங்கி இடது மூலையில் குவிந்திருந்தால் திரை தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டிருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்களில் இது அதிகம். அணைத்ததும் திரையே பிடுங்கப்பட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே → மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் விண்டோ இடங்களை நினைவில் வைக்கும் டிக் இருக்கிறதா பாருங்கள். மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப் போன்ற பெயரில் ஏதாவது இருந்தால் அணையுங்கள்.

## அறிகுறி: கிளிக் வேறு இடத்தில் விழுகிறது, ஸ்கிரீன்ஷாட் மென்பொருள் பாதித் திரைதான் பிடிக்கிறது

3840 × 2160 திரை 150%-இல் இருக்கும்போது டிபிஐ தெரியாத செயலிக்கு 2560 × 1440 என்றே சொல்லப்படும். 200% என்றால் 1920 × 1080. அந்த எண்ணை நம்பிப் படம் பிடிக்கும் பழைய கருவி மேல் இடது பகுதியை மட்டும் எடுக்கும். அந்த எண்ணை நம்பி மவுஸைக் கணக்கிடும் விளையாட்டிலோ வரைபடச் செயலியிலோ, மூலையிலிருந்து தள்ளிப்போகப் போகக் கிளிக்கின் பிழை கூடும். இந்தக் "கூடிக்கொண்டே போவது"தான் அடையாளம். எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளி விழுந்தால் அது ஸ்கேலிங் சிக்கல் இல்லை.

இங்கே ஓவர்ரைடு "அப்ளிகேஷன்". செயலியோடு பேசும் பிளக்-இன் அல்லது டேப்லெட் டிரைவர் தனி இஎக்ஸ்இயாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே அமைப்பைக் கொடுங்கள்.

## ரிமோட் டெஸ்க்டாப்

இணைக்கும் நொடியில் உங்கள் பக்கத்து ஸ்கேல் மறுபக்கத்துக்குப் போகிறது. உள்ளே போனபின் அங்கே மாற்ற முடியாது. அந்தப் பட்டியல் செயலிழந்திருக்கும். ஆகவே எந்தத் திரையில் வேலை பார்க்கப் போகிறீர்களோ அந்தத் திரையிலேயே திறந்து இணையுங்கள். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த செஷனில் மங்கலாக இருந்தால், துண்டித்து இணைப்பது போதாமல் மறுபக்கத்தில் சைன் அவுட் செய்ய வேண்டியிருக்கும். ஸ்கேலை மதிக்காத பழைய சர்வர் என்றால் ரிமோட் விண்டோவின் தலைப்பு ஐகானைக் கிளிக் செய்து "ஜூம்" கூட்டுங்கள்.

## மேக்

மேக்கில் செயலி தோறும் மாறும் கோளாறு குறைவு. திரை முழுக்க ஒரே கணக்கு. 27 அங்குல 4கே திரையில் "2560 × 1440 போலத் தெரியும்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் மேக் உள்ளே 5120 × 2880-இல் வரைந்து 3840 × 2160-க்குச் சுருக்குகிறது. ஸ்கிரீன்ஷாட் 5120 அகலத்தில் வந்தால் பயப்பட வேண்டாம். இந்தச் சுருக்கலில் மெல்லிய மங்கல் இருக்கும். அது பொறுக்காதவர்களுக்கு 1920 × 1080 போலத் தெரியும் நிலைதான் சரியாக இரண்டு மடங்கு.

பட்டியலில் "லோ ரெசல்யூஷன்" என்று குறித்தவற்றைத் தவிருங்கள். பெரிய 2560 × 1440 திரையில் எழுத்து சொரசொரப்பாகத் தெரிவது அமைப்புப் பிழை இல்லை. 2018-இல் மொஹாவி பதிப்பிலிருந்து உள்நிறம் சார்ந்த எழுத்து மென்மையாக்கலை ஆப்பிள் விட்டுவிட்டது. அடர்த்தி குறைந்த திரையில் அந்தக் குறை தெரியும்.

## லினக்ஸ்

லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய முறை எக்ஸ்11, புதியது வேலாண்ட். வேலாண்டில் 125%, 150% போன்ற பின்ன அளவு வைத்தபின் சில செயலி மட்டும் மங்கினால், அவை எக்ஸ்-வேலாண்ட் என்ற இணைப்புப் பாலம் வழியாக ஓடும் பழைய எக்ஸ்11 செயலிகள். உறுதிசெய்ய வேடிக்கையான வழி ஒன்று உண்டு. "எக்ஸ்ஐஸ்" என்ற பழைய கண் பொம்மையை இயக்குங்கள். சுட்டியைச் சந்தேகச் செயலியின் மேல் நகர்த்தும்போது கண்மணி தொடர்ந்தால் அது எக்ஸ்11. அப்படியே நிலைகுத்தி நின்றால் வேலாண்ட்.

கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் பழைய எக்ஸ்11 செயலிகளுக்கென்று தனித் தேர்வு இருக்கிறது. "செயலியே அளவு மாற்றட்டும்" என்ற பொருளுள்ளதைத் தேர்ந்தெடுத்தால் கூர்மையாகும். அளவு மாற்றத் தெரியாத செயலி குட்டியாகும். இன்னொரு டெஸ்க்டாப்பான குனோமின் 47-ஆம் பதிப்பில் இதே வேலையைச் செய்யும் வசதி சோதனை அம்சமாகச் சேர்ந்தது. குரோமியம் வகைச் செயலிகளை வேலாண்டிலேயே ஓடச் செய்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

ஒரு செயலி மட்டும் நான்கு மடங்கு பூதமாக வந்தால் இரட்டை ஸ்கேலிங். என்றோ எக்ஸ்11 காலத்தில் புரொஃபைல் கோப்பில் எழுதிவைத்த கியூடி, ஜிடிகே (செயலிகளின் பட்டன், மெனுவை வரையும் இரு தொகுப்புகள்) ஸ்கேல் மாறிகள் இன்னும் அங்கேயே இருக்கும். டெஸ்க்டாப் ஒருமுறை, மாறி ஒருமுறை என இரண்டு பெருக்கல். அந்த வரிகளை நீக்கிவிட்டு வெளியேறி உள்ளே வாருங்கள். தனியொரு செயலிக்கு வேண்டுமானால் அதன் லாஞ்சர் கோப்பில் மட்டும் போடுங்கள். கியூடி மாறி 1.5 போன்ற தசம எண்ணை ஏற்கும். ஜிடிகேயின் ஸ்கேல் மாறி முழு எண்ணை மட்டுமே ஏற்கும், 1.5 வேண்டுமென்றால் அதற்கு 2 கொடுத்து, எழுத்துக்கான தனி டிபிஐ மாறிக்கு 0.75 கொடுங்கள். எழுத்து 1.5-க்கு வரும், ஐகான் 2-இலேயே நிற்கும்.

## கடைசியில்தான் சதவீதம்

இவ்வளவும் பார்த்தபின் ஸ்கேலுக்கு வரலாம். கைக்கெட்டும் தூரத்தில் 27 அங்குல 4கேவுக்கு 150%, 32 அங்குலத்துக்கு 125 அல்லது 150%, 43 அங்குலத்துக்கு 100%. 43 அங்குலத்தில் அடர்த்தி அங்குலத்துக்கு 102 பிக்சல் அளவில்தான் இருப்பதால் அது ஸ்கேலிங்கே கேட்காது. தூரத்திலிருந்து பார்க்கும் டிவியை இணைத்தால் விண்டோஸ் 300% என்று தானே தேர்ந்தெடுப்பது சகஜம். மேசை மேல் வைத்து அருகிலிருந்து பார்க்கிறீர்கள் என்றால் தயங்காமல் இறக்குங்கள்.

பட்டியலில் உள்ள 125, 150, 175, 200 இவற்றுக்குள்ளேயே இருங்கள். "கஸ்டம் ஸ்கேலிங்" பெட்டியில் 135, 140 என்று அடிப்பவர்கள் அறியாதது, அந்த எண் இணைத்திருக்கும் எல்லாத் திரைக்கும் சேர்த்தே அமலாகும் என்பது. லேப்டாப் திரைக்கும் 43 அங்குலத்துக்கும் ஒரே எண் ஆகிவிடும். டிஸ்ப்ளே பக்கத்தில் தனித்தனியாக மாற்றும் பட்டியலும் முடங்கும். ஸ்கேல் பட்டியல் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதே பக்கத்தில் கஸ்டம் ஸ்கேலிங்கை அணைக்கும் இணைப்பு இருக்கும். அழுத்தினால் சைன் அவுட் கேட்கும், சேமிக்காத கோப்புகளை அதற்கு முன் சேமித்துவிடுங்கள்.